புண்ணுக்கு முன்னும் பின்னும்

எலியின் இரைப்பையில் புண் வரவழைப்பது கடினமான வேலையே அல்ல. 24 மணி நேரம் இரையை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து, மறுநாள் காலை ஒரு மில்லி சுத்த எத்தனாலை வாய்வழிக் குழாயில் இறக்கினால் போதும். எலியால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது உள்ளேயேதான் கிடக்கும். ஒரு மணி நேரம் கழித்து, மயக்க மருந்தின் அளவைக் கூட்டி உயிரை முடித்து, இரைப்பையை வெளிவளைவு ஓரமாகக் கத்தரித்து, உப்புநீரில் அலசி, தக்கைப் பலகையில் குண்டூசி குத்தி விரிப்போம். மேல்பகுதி வெளிறி, மெல்லியதாக இருக்கும். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. சுரப்பிகள் உள்ள கீழ்ப்பகுதியில்தான் மடிப்புகளின் நீளவாக்கில் கருஞ்சிவப்புக் கோடுகள் ஓடும். பக்கத்துப் பலகையில் இருப்பது, எத்தனாலுக்கு முன்பாக மூலிகைச் சாரம் குடித்த எலியின் இரைப்பை. அது இளஞ்சிவப்பாக, ஈரம் மின்ன, கோடே இல்லாமல் விரிந்திருக்கும்.

இதை முதன்முதலாகப் பார்க்கும் மாணவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். "மேடம், சுத்தமா காப்பாத்திருச்சு!" என்று ஓடி வருவார்கள். மதுரையில் ஒரு மருந்தாளுநர் கல்லூரியில் மருந்தியல் பேராசிரியையாக இருந்த காலம் முழுக்க இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். முதுநிலை மாணவர்களுக்கு அல்சர் ஆய்வு என்றால் தனிப் பிரியம். விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு பூதக்கண்ணாடி, ஒரு அளவுகோல், எலி, சாரம். முடிவு கண்ணால் தெரியும். முடிவு எப்போதுமே நல்லதாக வரும். அந்த ‘எப்போதுமே’தான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஏன் எப்போதும் நல்லதாக வருகிறது என்பதற்கு விடை, இந்தச் சோதனையைப் பிரபலமாக்கியவரிடமே இருக்கிறது. அமெரிக்காவில் அப்ஜான் மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய ஆந்த்ரே ராபர்ட் 1979இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புராஸ்டாகிளாண்டின் என்ற, உடலே சுரக்கும் பொருளை மிகச் சிறிய அளவில் முன்கூட்டியே கொடுத்தால், சுத்த எத்தனால்கூட எலியின் இரைப்பையைத் தீய்க்கவில்லை. அமிலம் குறைந்ததால் வந்த பலன் அல்ல இது. இரைப்பைச் சுவரே தன்னைக் காத்துக்கொண்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1983இல், அதே ராபர்ட் இன்னொன்றைக் காட்டினார். நீர்த்த ஆல்கஹால், நீர்த்த அமிலம், உப்புக் கரைசல் என்று லேசாக எரிச்சலூட்டும் எதைக் கொடுத்தாலும் இரைப்பை தானே புராஸ்டாகிளாண்டினைச் சுரந்து, அடுத்து வரும் கடும் தாக்குதலுக்குத் தயாராகிவிடுகிறது. அதாவது, உப்புத்தண்ணீரும் இந்தச் சோதனையில் தேறும்.

இது தெரிந்த பிறகு மாணவரின் சாரக் கிண்ணத்தை வேறு கண்ணோடுதான் பார்க்க முடியும். ஆல்கஹாலில் இறக்கிய சாரத்தைச் சரியாக வற்ற வைக்காமல் விட்டால், மிச்சமிருக்கும் ஆல்கஹாலே பாதுகாப்புக் கொடுத்துவிடலாம். பெயர் மூலிகைக்குப் போகும். துவர்ப்பு உள்ள எல்லாவற்றுக்கும் இன்னொரு வழி உண்டு. கடுக்காய், மாதுளந்தோல், கருவேலம்பட்டை இவற்றில் உள்ள டானின், இரைப்பையின் மேல்தளப் புரதத்தோடு பிணைந்து ஒரு படலமாக உறைந்துவிடும். எத்தனால் அந்தப் படலத்தைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். தோல் பதனிடும் தொழிலில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்கிற அதே வேலை. உண்மையான பாதுகாப்புதான், மறுக்கவில்லை. ஆனால் துவர்ப்புள்ள எந்தப் பட்டையைக் கொடுத்தாலும் கிட்டத்தட்ட இதே விடை வருமென்றால், இந்த ஒரு செடியைப் பற்றி நாம் புதிதாக என்ன கற்றோம்?

அதனால் என் மாணவர்களிடம் ஒரு கூடுதல் குழு கேட்பேன்: வெறும் டானிக் அமிலம் கொடுத்த எலிகள். சாரம் அதைவிட மேலாக எதையாவது செய்தால் மட்டும் மேலே பேசலாம். புண்ணை அளப்பவருக்கு எந்த இரைப்பை எந்தக் குழு என்று தெரியக் கூடாது; ஆய்வக உதவியாளர் பலகையில் எண் மட்டும் எழுதி வைப்பார். சாரம் கொடுத்தவரே அளந்தால், கோடு அரை மில்லிமீட்டர் குறைந்துதான் தெரியும். அவர் பொய் சொல்கிறார் என்று பொருளல்ல. நம்பிக்கையோடு பார்க்கும் கண் அப்படித்தான் பார்க்கும்.

சாரம் எடுக்கும் வேலையைப் பற்றி வெளியே அதிகம் பேசுவதில்லை. எலிச் சோதனை ஒரு காலையில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய வேலைதான் வாரக்கணக்கில் நீளும். பிரண்டையை எடுத்துக்கொள்வோம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜைனுவும் சியாமளா தேவியும் 2006 வாக்கில் பிரண்டைச் சாரத்தையும் மணத்தக்காளிச் சாரத்தையும் எலிப் புண்களில் சோதித்து வெளியிட்ட கட்டுரைகள் வந்த பிறகு, எங்கள் பக்கத்து மாணவர்களுக்குப் பிரண்டை மேல் பெரிய ஆர்வம். ஊர்ப்பக்கம் வேலியில் படர்ந்து கிடக்கிறது, காசு கொடுக்க வேண்டியதில்லை. சாக்கு நிறைய அறுத்து வந்து கணுவை நீக்கி நறுக்க உட்காரும்போதுதான் கையுறை எதற்கென்று தெரியும். பிரண்டைச் சாற்றில் ஊசி ஊசியான கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் உண்டு. வெறும் கையால் நறுக்கினால் விரலிடுக்கெல்லாம் அரிப்பெடுக்கும். வீட்டில் துவையலுக்கு நல்லெண்ணெயில் வதக்கிப் புளி சேர்ப்பதன் காரணம் அந்தப் படிகம்தான் என்பதை மாணவர்கள் ஆய்வகத்தில் உட்கார்ந்துதான் புரிந்துகொள்வார்கள்.

நறுக்கியதை நிழலில் உலர்த்த வேண்டும். பிரண்டை பெரும்பாலும் தண்ணீர். தட்டு நிறையப் பரப்பியது சில நாளில் ஓரமாகச் சுருண்டு கிடக்கும். உலர்ந்ததை இடித்து, சலித்து, காகித உறையில் அடைத்து சாக்ஸ்லெட் கருவியில் ஏற்றுவோம். கீழே குடுவையில் கரைப்பான் கொதிக்கும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து பொடியின் மேல் சொட்டும். அறை நிரம்பியதும் பக்கக்குழாய் வழியாக ஒரே மூச்சில் இறங்கும். மறுபடி நிரம்பும். இறங்குகிற கரைப்பான் நிறமற்றுப் போகும்வரை இதுவே நடக்கும். ஜெர்மனியின் சாக்ஸ்லெட் 1879இல் பாலின் கொழுப்பை அளக்க உருவாக்கிய கருவி இது; இன்று உலகம் முழுக்க மூலிகை ஆய்வகங்களில் நிற்கிறது. ஆனால் மணிக்கணக்கான சூட்டில் சிதையும் பொருள்களுக்கு இது ஆகாது. அவற்றை நீர் கலந்த ஆல்கஹாலில் நாள்கணக்கில் ஊறவைத்து, வடிகட்டி, அழுத்தம் குறைத்த சுழல் ஆவியாக்கியில் குறைந்த சூட்டில் வற்ற வைக்க வேண்டும். கடைசியில் குடுவையின் அடியில் நிற்பது தேன் பதத்தில் ஒரு பிசின். அதைச் சுரண்டி, எடை போட்டு, உலர்பெட்டியில் வைப்போம். நூறு கிராம் பொடிக்குப் பத்து கிராம் கிடைத்தால் நல்ல விளைச்சல்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. அதை நான் ஒவ்வொரு ஆண்டும் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். கட்டுரைகளில் எலிக்குக் கொடுக்கும் அளவு பெரும்பாலும் கிலோ எடைக்கு 200 அல்லது 400 மில்லிகிராம் சாரம். எலியின் அளவை மனிதருக்கு மாற்ற, உடல் பரப்பை வைத்து 6.2ஆல் வகுப்பது வழக்கம். 400ஐ வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 65 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 3.9 கிராம் சாரம். பத்துக்கு ஒன்று என்ற விளைச்சலில் அது 39 கிராம் உலர்ந்த பொடி. உலரும்போது பத்தில் ஒன்பது பங்கு தண்ணீராகப் போயிருந்தால், பச்சையாக 390 கிராம். ஒரே நாளைக்கு, ஒருவருக்கு. ‘பிரண்டைத் துவையல் அல்சரைக் குணமாக்கும்’ என்று யாராவது சொல்லும்போது இந்தக் கரும்பலகைதான் என் நினைவுக்கு வரும். துவையல் நல்ல உணவு, நானும் விரும்பிச் சாப்பிடுகிறேன். எலி குடித்த சாரமும் நாம் சோற்றில் பிசைந்த துவையலும் ஒரே அளவு அல்ல.

அளவு கூடினாலும் வம்பு வரும். அதற்கு அதிமதுரத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கும்போது நான் வேரை ஒடித்து, உள்ளே மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்து, நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கடைக்காரர் பெரியவர், "டீச்சரம்மா, இது நம்ம ஊரு சரக்கு இல்ல, கடல் தாண்டி வர்றது" என்று சொல்லிக்கொண்டே நிறுப்பார். சரியாகத்தான் சொன்னார், நம் சந்தைக்கு வரும் அதிமதுரத்தில் பெரும்பங்கு மேற்கு, மத்திய ஆசியாவிலிருந்து இறக்குமதியாவது. சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிக்கும் கிளைசிரைசின் அந்த வேரில் இருக்கிறது.

1940களில் நெதர்லாந்தின் ஹீரன்வீன் என்ற ஊரில் ரெவர்ஸ் என்ற மருத்துவர், உள்ளூர் மருந்துக்கடையில் அதிமதுரச் சாரம் வாங்கிச் சாப்பிட்ட வயிற்றுப்புண் நோயாளிகள் தேறுவதைக் கவனித்தார். தானும் கொடுத்துப் பார்த்து 1946இல் வெளியிட்டார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முகமும் காலும் வீங்கின என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். அந்த வழியில் பிரிட்டனில் 1960களில் கார்பெனாக்ஸலோன் என்ற மருந்து வந்தது; இரைப்பைப் புண்ணை உண்மையாகவே ஆற்றிய முதல் மருந்துகளில் ஒன்று அது. இரைப்பையின் புராஸ்டாகிளாண்டின் சீக்கிரம் சிதையாமல் அது தடுக்கிறது. சிறுநீரகத்திலோ, கார்டிசால் என்ற சுரப்பை மட்டுப்படுத்தும் நொதியைத் தடுத்துவிடுகிறது. அதனால் உடலில் உப்பும் நீரும் தேங்கும், இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். 1976இல் அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெட்டிடின் மாத்திரை வந்ததும் கார்பெனாக்ஸலோன் பின்னுக்குப் போய்விட்டது. கிளைசிரைசினை நீக்கிய அதிமதுரச் சாரத்தையும் விற்றார்கள். அதில் வீக்கம் இல்லை, ஆனால் புண் ஆறுவது பற்றிய முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். நெஞ்செரிச்சலுக்கு யாரோ சொன்னார்கள் என்று அதிமதுரப் பொடியைக் காலையும் மாலையும் பாலில் கலந்து குடித்திருக்கிறார். மாடிப்படி ஏற முடியவில்லை, தொடை துவளுகிறது என்று என்னிடம் சொன்னபோது, கணுக்காலில் விரலை அழுத்திப் பார்த்தேன். குழி அப்படியே நின்றது. "ஐயா, பொடியை இன்னைக்கே நிறுத்துங்க. நாளைக்குக் காலைல டாக்டர்ட்டப் போய் பொட்டாசியம் பாக்கணும்னு சொல்லுங்க, இந்தப் பொடி குடிச்சதையும் சொல்லுங்க" என்றேன். நீர் பிரியும் மாத்திரையில் பெரும்பாலானவை பொட்டாசியத்தை இறக்கும், அதிமதுரமும் இறக்கும். இரண்டும் சேர்ந்தால் தசை தளரும், இதயத் துடிப்பே தடுமாறலாம். "வேர்தானேம்மா, அது என்ன செஞ்சிறப் போகுது?" என்று அவர் கேட்டார். என்ன செய்யும் என்பதற்குத்தான் நாங்கள் இவ்வளவு காலம் ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தோம். பொடியை நிறுத்தி, மருத்துவர் பொட்டாசியம் கொடுத்த பிறகு அவர் தேறிவிட்டார்.

நம்பிக்கை தருகிற ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் வாழைக்காயைச் சொல்வேன். 1960களில் ஏ. கே. சன்யால் குழுவினர் வாழையை எலிப் புண்களில் சோதிக்கத் தொடங்கினார்கள். பின்னர் வாரணாசியில் அந்த வேலை நீண்ட காலம் தொடர்ந்தது. 1984இல் பிரிட்டனில் பெஸ்ட், லூயிஸ், நாசர் ஆகியோர் வெளியிட்ட கட்டுரையை நான் ஒவ்வொரு புதிய மாணவருக்கும் படிக்கக் கொடுப்பேன். ஆஸ்பிரினால் வந்த புண்களில் காய்ப்பொடியைச் சோதித்திருந்தார்கள். முன்கூட்டிக் கொடுத்தபோது காய் காத்தது, சிமெட்டிடினும் காத்தது. புண் வந்த பிறகு கொடுத்தபோது காய் ஆற்றியது. அங்கே சிமெட்டிடினால் அந்த அளவுக்கு முடியவில்லை. இரைப்பைச் சவ்வு தடித்து வளர்ந்திருந்தது. காய்ந்த பழத்துக்கு இந்தக் குணம் இல்லை; ரகத்துக்கு ரகம் பலனும் மாறியது. 1999இல் லூயிஸ் குழுவினரே லியூகோசயனிடின் என்ற ஃபிளாவனாய்டைப் பிரித்தெடுத்து, அதுவே வேலை செய்யும் பொருள் என்று காட்டினார்கள்.

வாழைக்காயை நறுக்கிய மாத்திரத்தில் கறுப்பது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். வெட்டுப்பட்ட செல்லின் நொதி பாலிஃபீனால்களைக் காற்றோடு சேர்த்து மாற்றிவிடுவதால் வரும் கறுப்பு அது. நமக்கு வேண்டிய பொருளும் பாலிஃபீனால் வகைதான். அதனால் நன்றாக விளைந்த, பழுக்கத் தொடங்காத மொந்தன் காயை எடுத்து, மெல்லிய வில்லைகளாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் உடனே பரப்பி, குறைந்த சூட்டில் சீக்கிரம் உலர்த்தச் சொல்வேன். பொடி வெளிறிய நிறத்தில் வந்தால் எடுத்துக்கொள்வோம். பழுப்பேறினால் அந்தத் தொகுதியைச் சோதனைக்கு விட மாட்டேன். ‘வாழைக்காய்ப் பொடி, 5 கிராம்’ என்று எழுதினால் போதாது. எந்த ரகம், எந்த முற்றல், எப்படி உலர்ந்தது என்பது இல்லாமல் அந்த 5 கிராமுக்குப் பொருளே கிடையாது.

எலியிலிருந்து மனிதருக்கு வந்த சாரங்கள் குறைவு. வேப்பம்பட்டையின் நீர்ச்சாரம் அப்படி வந்த ஒன்று. கொல்கத்தாவின் இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தில் பந்தோபாத்யாய் குழுவினர், அது அமிலம் சுரக்கும் பம்பையே தடுப்பதைக் கண்டார்கள். 2004இல் வெளியான அவர்களின் ஆய்வில், நாளுக்கு இரு வேளை 30 முதல் 60 மில்லிகிராம் வரை பத்து வாரம் கொடுத்ததில் முன்சிறுகுடல் புண்கள் ஏறத்தாழ முழுதும் ஆறின. மில்லிகிராம் கணக்கு, கவனியுங்கள். கைப்பிடிக் கணக்கு அல்ல. நோயாளிகளின் எண்ணிக்கை சிறிது. அதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

மைசூரில் மிஷன் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த ஃபிராங்க் டோவி, தென்னிந்தியாவின் அரிசி உண்ணும் பகுதிகளில் முன்சிறுகுடல் புண் ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர். அவரும் ஜெயராஜும் சேர்ந்து எலிகளில் தேடியபோது கொள்ளின் கொழுப்புப் பகுதியில் காக்கும் குணத்தைக் கண்டார்கள். நாட்பட்டு வைத்த அரிசித் தவிட்டின் எண்ணெய் அதற்கு நேர்மாறாகப் புண்ணைக் கூட்டியது. கொள்ளு ரசம் வைக்கும் ஊரில் இந்த வேலையை எடுத்துச் செய்ய அதிகம் பேர் முன்வரவில்லையே என்று எனக்கு வருத்தம்.

மிளகாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரம் தின்றால் அல்சர் வரும் என்று நம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். 1995இல் சிங்கப்பூரில் நல்ல ஆரோக்கியமுள்ள தன்னார்வலர்களுக்கு மிளகாய்ப்பொடி கொடுத்துப் பிறகு ஆஸ்பிரின் கொடுத்து எண்டாஸ்கோப்பியில் பார்த்தார்கள். மிளகாய் தின்றவர்களின் இரைப்பையில் சேதம் குறைவாக இருந்தது. ராபர்ட் சொன்ன லேசான எரிச்சல்தான் இங்கும் வேலை செய்திருக்கலாம். ஏற்கெனவே புண் உள்ளவர் இதைப் படித்துவிட்டு மிளகாயைக் கூட்ட வேண்டாம். வந்த புண்ணின் மேல் மிளகாயைச் சோதித்ததல்ல அந்த ஆய்வு.

முன் கொடுப்பது, பின் கொடுப்பது என்ற இந்த வேறுபாட்டை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் நோயாளிதான். மருத்துவரிடம் வருகிறவர் புண்ணோடு வருகிறார். அவருக்குப் புண் வந்ததன் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் 1982இல் அதை வளர்த்துக் காட்டி, 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் மருந்துகளை அமிலத் தடுப்பு மாத்திரையோடு சேர்த்து முறையாக முடிக்க வேண்டும். மணத்தக்காளிக் கீரையைச் சொல்லி அதைத் தள்ளிப்போடக் கூடாது. மலம் தார்போலக் கறுத்தால், இரத்த வாந்தி வந்தால், எடை காரணமின்றி இறங்கினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டாவது காரணம் வலி மாத்திரை. அவை புராஸ்டாகிளாண்டின் உற்பத்தியை நிறுத்தித்தான் வலியைக் குறைக்கின்றன என்று ஜான் வேன் 1971இல் காட்டினார். இரைப்பை தன் சளிப் படலத்தையும் இரத்த ஓட்டத்தையும் பேணுவது அதே புராஸ்டாகிளாண்டினை வைத்துத்தான்.

மூட்டுவலிக்கு வருடக்கணக்கில் மாத்திரை விழுங்கும் அம்மாக்களும், இதயத்துக்குத் தினமும் சின்ன ஆஸ்பிரின் போடுகிறவர்களும் நம் ஊரில் ஏராளம். முன்கூட்டிக் காக்கும் சாரம் ஒன்று நிஜமாகவே தேவைப்படுவது இவர்களுக்குத்தான். எலிச் சோதனையில் நாம் செய்யும் ‘முன்பே கொடுத்தல்’ இவர்கள் வாழ்க்கையோடு பொருந்துகிறது. ஆனால் அதற்கு எத்தனால் சோதனை போதாது. ஆஸ்பிரின், இண்டோமெதசின் போன்ற வலி மாத்திரைகளால் புண் வரவழைக்கும் சோதனைகளில், பல வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அமிலத் தடுப்பு மாத்திரையோடு சேரும்போது என்ன ஆகிறது என்றும் பார்க்க வேண்டும்.

எலிச் சோதனைக்கு அனுமதி கேட்கும் பி படிவத்தில், இத்தனை விலங்குகள் ஏன் என்ற கேள்வி இருக்கும். ஒரு மாணவி, தன் மரப்பட்டைச் சாரத்துக்கு இரண்டு சோதனைகளையும் அதில் எழுதினாள்: முன்கூட்டிக் கொடுக்கும் எத்தனால் சோதனை, பின்னால் கொடுக்கும் அசிட்டிக் அமிலப் புண் சோதனை. இரண்டாவது ஜப்பானில் டகாகியும் ஒகாபேவும் 1969இல் உருவாக்கியது. புண் ஆழமாக விழுந்து, தானாக ஆற வாரங்கள் ஆகும். கூடுதல் எலிகளுக்கு அவள் சொன்ன காரணத்தை நெறிமுறைக் குழு ஏற்றுக்கொண்டது. முதல் சோதனையில் சாரம் அழகாகக் காத்தது. இரண்டாவதில் இரு வாரம் கொடுத்தும், மருந்தில்லாத எலிகளுக்கும் சாரம் குடித்தவற்றுக்கும் புண்ணின் பரப்பில் வேறுபாடு இல்லை. "மேடம், இந்த அட்டவணையை விட்றலாமா?" என்று கேட்டாள். "விட்டா அந்த எலிங்க செத்ததுக்கு என்னம்மா அர்த்தம்?" என்றேன். இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டாள். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டை அந்த இடத்தில் திறந்து வைத்துக்கொண்டு, பட்டையில் டானின் எத்தனை சதவீதம் என்று கேட்பதிலிருந்து தொடங்கினார்.